முகில் நாளில் வற்றாப்பளைக்கு, முழுக்கைச் சேட்டோடு

வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சைக்கிளில் போகலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் 1982 வைகாசியில் நான் போன கதையைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

மகள் நெருப்புக் காய்ச்சலில் கிடந்து பிழைத்ததற்கு வற்றாப்பளைக் கோயில் அம்மாளாச்சிக்குப் பாற்காவடி நேர்ந்திருந்தேன். முந்தைய வருடமே எடுத்து, பாதி வழியில் இறக்கிவிட்டேன். எல்லாம் என் மடத்தனம்! வானம் முழுக்க முகில், குளிர்ந்த காற்று; வெயில்தான் இல்லையே என்று சேட்டைக் கழற்றிவிட்டுப் பெனியனோடு சைக்கிள் மிதித்தேன். பின்னேரம் இரண்டு தோளும் நெருப்பாய் எரிந்தன. காவடித் தண்டு பட்டதும் உயிர் போய் வந்தது. அத்தனை சனத்துக்கு முன்னால் மனைவியின் தம்பி ரவிதான் வாங்கிச் சுமந்தான். இந்த முறையும் இறக்கினால் அம்மாளாச்சி முகத்தில் எப்படி விழிப்பது?

விடிய ஐந்தரை மணிக்குக் கனகராயன்குளத்தில் அதே முகில். மகளோடு பஸ்ஸில் வரவிருந்த மனைவி, முழுக்கைச் சேட்டை நீட்டினாள்.

“வெயிலே இல்லையப்பா” என்றேன்.

“போன வருசம் பெனியன் பட்டி கிடந்த இடம் மட்டும் உரியேல்லை. எண்ணெய் பூசின நான் பாத்தனான். போடுங்கோ!”

போட்டேன். கழுத்தைச் சுற்றி ஈரத் துவாய், தலையில் தொப்பி. இந்த முறையும் என்னோடு சைக்கிளில் வந்த ரவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அத்தான், மாப்பிள்ளைக் கோலமோ?” என்று கேட்டுவிட்டு, வெறும் மேலோடு முன்னால் பறந்தான்.

மாங்குளம் எட்டு மைல், ஆறே முக்காலுக்குச் சேர்ந்தோம். அங்கிருந்து ஒட்டுசுட்டான் பதினேழு மைல், ஒன்பதரை. தேத்தண்ணிக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பிக்குக் குளிர்க்காய்ச்சலோ?”

“இல்லை ஐயா, தோளைக் காப்பாத்திறன்.”

கடை முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும்! வேர்த்துக் கொட்டியது, கழற்றவில்லை. கடைசிப் பத்து மைல்தான் கவனம். உச்சி நெருங்கும் நேரம், முகிலை நம்பாதீர்கள்; அதற்குள்ளாலும் வெயில் சுடும். துவாயை வழிக் கிணறுகளில் நனைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பருத்திச் சேட்டே போதும், காவடி எடுக்கும்வரை கழற்றவேண்டாம்.

பதினொன்றரைக்கு முள்ளியவளை; காவடி அங்கிருந்துதான் வற்றாப்பளைக்குப் புறப்படும். பின்னேரம் சேட்டைக் கழற்றியபோது என் தோளில் ஒரு சிவப்பில்லை. ரவியோ துவாய் பட்டாலே துள்ளினான். “இப்ப ஆரடா மாப்பிள்ளை?” என்று கேட்காமல் விடுவேனா?

ஐந்து மணிக்குக் காவடி ஏறியது. தண்டு அழுத்தியது, எரியவில்லை. போன வருடம் இறக்கிய இடத்தைத் தாண்டும்போது “அம்மாளே!” என்று கத்திவிட்டேன். கோயில்வரை இறக்கவேயில்லை.

நேர்த்தி ஒரு சுற்றுத்தான். அது முடிந்து இறக்க வந்தவர்களிடம், “விடுங்கோ, இன்னும் சுத்தப்போறன்” என்றேன்.

“உங்களுக்கென்ன விசரோ!” மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

மூன்று சுற்றுச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில், காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்த என் பிள்ளை, எனக்கு முன்னால் ஆடிக்கொண்டே வந்தாள்.