மீசை வைத்த ஆயாம்மா

அந்தப் பள்ளியில் ஆயாம்மாவுக்குப் பதினேழு வருடச் சர்வீஸ். மற்றவர்களைவிட மெதுவாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கான பள்ளி அது. வேனிலிருந்து இறக்குவது, மூக்கு துடைப்பது, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கொடுப்பது எல்லாம் அவள் வேலை. கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுவது, யாரும் சொல்லாமல் அவளாகவே சேர்த்துக்கொண்ட வேலை.

அந்த வருடம் வந்த புது டீச்சர் ஒரு பாடம் தொடங்கினாள். யாராவது தொடுவது பிடிக்கவில்லை என்றால், தெரியாதவர் கூப்பிட்டால், "வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். விலகி ஓட வேண்டும். நம்புகிற ஒருவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் பாடம். அதைப் பிள்ளைகள் மனதில் பதியவைக்க மூன்று மாதம் ஆனது. நம்புகிற ஆளின் படத்தை நோட்டில் ஒட்டச் சொன்னபோது, பதினோரு பிள்ளைகளில் ஒன்பது பேர் ஆயாம்மாவின் போட்டோவை ஒட்டினார்கள். அன்று முழுக்க ஆயாம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்து ஒத்திகை. முன்பின் தெரியாத ஆளாக ஒருவர் வர வேண்டும் என்றாள் டீச்சர். வேன் டிரைவரைக் கேட்டதற்கு, என்னைப் பார்த்து அலறிய பிள்ளைகள் நாளைக்கு என் வண்டியில் எப்படி ஏறும் என்று நழுவிவிட்டார். ஆயாம்மா தானே வருவதாகச் சொன்னாள். சின்ன வயதில் நாடகத்தில் மரமாக நின்றதுதான் அவளுடைய நடிப்பு அனுபவம்.

மறுநாள் கணவரின் கோட்டும் பேன்ட்டும் தொப்பியும் பையில் வந்தன. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். விஷயம் தெரிந்ததும் பேன்ட்டுக்குத் தானே இஸ்திரி போட்டுக் கொடுத்தார். டீச்சர் கண்மையால் தடியாக ஒரு மீசை வரைந்துவிட்டாள். கண்ணாடியைப் பார்த்த ஆயாம்மாவுக்குப் பகீரென்றது. அச்சு அசல் அவளுடைய அண்ணன்.

வகுப்பு வாசலில் நின்று, குரலைக் கட்டையாக்கிக்கொண்டாள். "கண்ணுங்களா, மிட்டாய் இருக்கு. மாமாகூட வாங்க."

வகுப்பு அப்படியே உறைந்தது. ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கிய பையன்தான் முதலில் எழுந்தான். "வேண்டாம்" என்றான். அவ்வளவுதான், மற்ற தொண்டைகளும் கிளம்பிவிட்டன. கத்திக்கொண்டே எல்லோரும் அடுத்த கதவு வழியாகப் பாய்ந்தார்கள். டீச்சருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

ஆனால் போய்ச் சொல்ல அவர்களுக்கு ஆயாம்மாதானே வேண்டும்? சாப்பாட்டு அறையில் தேடினார்கள். பிரின்சிபாலின் மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்கள். ஜன்னல் வழியாக இதைக் கண்ட ஆயாம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. டீச்சரும் அவளும் இதை யோசிக்கவே இல்லை.

பின்பக்கமாகச் சுற்றி ஓடினாள். ஐம்பத்து நாலு வயது, எண்பது கிலோ. ஓடுகிற ஓட்டத்தில் தொப்பி தண்ணீர்த் தொட்டிமேல் போனது, கோட்டு துணிக்கொடியில் தொங்கியது. ஸ்டோர் ரூமுக்குள் புகுந்து பேன்ட்டை உதறி எறிந்து, உள்ளே சுருட்டிச் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள்போல் நிற்கவும், கூட்டம் விழுந்தடித்துக்கொண்டு வந்து சேரவும் சரியாக இருந்தது.

"ஆயாம்மா, ஒருத்தர் வந்தாரு. மிட்டாய் இருக்கு, வாங்கன்னாரு. நான் வேண்டாம்னுட்டேன்," என்றான் ரேடியோ, மூச்சு வாங்க.

"அப்படியா? ஆள் எப்படி இருந்தாரு?"

ரேடியோ அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். "உங்க மீசை மாதிரியே மீசை."

ஆயாம்மா மேலுதட்டைத் தடவினாள். விரலெல்லாம் கறுப்பு. சிரிப்பு பீறிட்டு வந்ததில் துடைப்பத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே வந்த டீச்சர், அந்த மாமா ஆயாம்மாதான், இது ஒத்திகை என்று விளக்கினாள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. தங்களுக்கும் மீசை வரையச் சொன்னார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் சிட்டு நின்றாள். அவளுக்குப் பேச்சு வராது. கழுத்தில் தொங்கும் பட அட்டைகள்தான் பேச்சு. ஐந்து வருடமாகத் தண்ணீர், கழிவறை என்ற இரண்டு அட்டைகளைத் தவிர வேறெதையும் காட்டியதில்லை. அவளும் ஓடிவந்துவிட்டாளே என்ற பூரிப்பில், ஆயாம்மா வழக்கம்போல் கன்னத்துக்குக் கையை நீட்டினாள்.

சிட்டு ஓரடி பின்னால் போனாள். அட்டைகளைப் புரட்டி, விரித்த உள்ளங்கை போட்ட சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். நில்.

ஆயாம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. இத்தனை வருடம் கிள்ளிய கன்னம். பிடிக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சுருக்கென்றது. அடுத்த நொடியே அந்த வலியைத் தள்ளிக்கொண்டு சந்தோஷம் பொங்கி வந்தது.

"டீச்சர், பாத்தீங்களா? எனக்கே காட்டிட்டா."

பாதி அழிந்த மீசையோடு பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னாள். டிரைவரிடம் சொன்னாள். பால் ஊற்ற வந்தவரிடமும் சொன்னாள்.

மறுநாளிலிருந்து சிட்டுவிடம் கேட்க ஆரம்பித்தாள். கன்னத்தைத் தொடவா? நில். கை கொடுக்கிறாயா? நில். நாலாம் நாள் சிட்டு ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சுண்டு விரலை மட்டும் நீட்டினாள். ஆயாம்மா அதைத் தன் சுண்டு விரலால் பிடித்துக் குலுக்கினாள்.

கேட்கிற பழக்கம் வீடுவரை தொற்றிக்கொண்டது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரிடம், தோளில் கை போடலாமா என்று கேட்டாள்.

"முப்பது வருஷம் கழிச்சு இதென்ன புதுசா?"

"பதில் சொல்லுங்க."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். யாராவது பார்க்கிறார்களா என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "போட்டுக்கோ" என்றார், காதுவரை சிவந்துபோய்.