பனிச்சறுக்குப் பயணத்துக்குப் பரஸ்தானம் வைத்த கதை

இத்தாலி மலையில் பனிச்சறுக்கு விளையாடப் போகிறோம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது, உடன் வேலை பார்க்கும் டீச்சர்கள் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை. உத்திரமேரூர் பக்கம் நெல் போடுகிற குடும்பம் நாங்கள். ஐஸ் என்றால் குச்சி ஐஸ்தான். எங்கள் மூத்த மகள், பெரியவள், மட்டும் அங்கே இல்லையென்றால் இந்த ஆசையே வந்திருக்காது.

அவள் ஏனாத்தூரில் டிகிரி முடித்துவிட்டு மேல்படிப்புக்கு இத்தாலி போய் இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. குளிர்காலம் வந்தால் மலை மேல் ஒரு ஓட்டலில் பகுதிநேர வேலை. சீசனில் லீவு கிடையாது, கோடையில் டிக்கெட் எடுக்கக் கையில் காசு இருக்காது. அவள் போவது என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. போகிற அன்று வாசலுக்குக்கூட வரவில்லை. அதற்குப் பிறகு எல்லாம் என் வழியாகத்தான். "கேட்டதா சொல்லு" என்பார், அவ்வளவுதான் பேச்சு.

போன மார்கழியில் அவள் பனியில் சறுக்கி விழுகிற வீடியோ ஒன்றை அனுப்பினாள். மனிதர் அதை எத்தனை தடவை பார்த்தார் என்று எனக்குத்தான் தெரியும். நான்காம் நாள், தட்டில் கை வைத்தபடி, "நாமளும் ஒருக்கா போயி பாத்துட்டு வரலாமா?" என்றார். நான் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்துவிட்டேன். மனசு மாறுவதற்குள் காரியத்தை முடிக்க வேண்டுமே.

பிப்ரவரி கடைசி வாரம், எட்டு நாள், நான், அவர், ஒன்பதாவது படிக்கும் சின்னவள் என்று திட்டம். சென்னையிலிருந்து வளைகுடா வழியாக மிலன், அங்கிருந்து ரயில், பிறகு மலைக்கு பஸ். சறுக்குப் பலகையும் பூட்சும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். முன்பதிவுப் படிவத்தில் உயரம், எடை, பாத நீளம் கேட்பார்கள். வெறுங்காலோடு வரப்பில் நடந்தே அகலமான பாதம் இவருடையது; நீளம் இருபத்தெட்டு சென்டிமீட்டர், அகலத்துக்குப் படிவத்தில் கட்டமே இல்லை. முன் அனுபவம் என்ற இடத்தில், சேற்றில் வழுக்கியதை எழுதலாமா என்று கேட்டார். ஹெல்மெட் வேண்டும், அடுத்தவர் மேல் மோதினால் கொடுக்க இன்சூரன்சும் வேண்டும். மறக்காதீர்கள்.

விசா மனு கொடுக்க சென்னையில் கிடைத்த நாள் தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை. அன்றைக்கு அஷ்டமி வேறு. எங்கள் பக்கம் இதற்கு ஒரு வழி உண்டு, பரஸ்தானம். கிளம்பும் நாள் சரியில்லை என்றால், முன்னாடியே ஒரு நல்ல நேரத்தில் பயணச் சாமான் ஒன்றை வேறு ஒருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. போகிற அன்று அதை எடுத்துக்கொண்டு போகலாம். பெரும்பாலும் ஒரு துண்டு, கொஞ்சம் அரிசி வைப்பார்கள். இவர் ஞாயிற்றுக்கிழமை மாலை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பாஸ்போர்ட்டுகள் இருந்த ஃபைலையே பையில் போட்டு, அடுத்த தெருவில் இருக்கும் பங்காளி தனசேகர் வீட்டில் வைத்துவிட்டார்.

செவ்வாய் காலை ஐந்து மணிக்கு வாடகைக் கார் வந்தது, மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். தனசேகர் வீட்டுக்குப் போனால் பூட்டு தொங்குகிறது. குடும்பத்தோடு முதல் நாளே திருப்பதி போய்விட்டார்களாம். தரிசன வரிசையில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், கூப்பிட்டால் எங்கே எடுப்பது? செவ்வாயும் அஷ்டமியுமாக எவன் கிளம்புவான், புதன்கிழமைதான் போவார்கள் என்று தனசேகர் தானாகவே முடிவு செய்துகொண்டாராம். பிறகு சொல்லித் தெரிந்தது.

பூட்டை உடைக்கச் சொன்னேன். பங்காளி வீட்டுப் பூட்டை எப்படி உடைப்பது என்று இவர் தெருவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஆறே முக்காலுக்கு அவரே கடப்பாரையால் உடைத்தார். ஏழு மணிக்குக் கிளம்பினோம். தொண்ணூறு கிலோமீட்டர்தான், ஆனால் தாம்பரம் தாண்டவே பெரும்பாடு. போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே கால். நேரம் முடிந்துவிட்டது, புதிதாக நாள் வாங்குங்கள் என்று மரியாதையாகவே சொன்னார்கள். அடுத்த தேதி கிடைத்தது மார்ச் கடைசியில். விசா வர இன்னும் இரண்டு வாரம். அதற்குள் அங்கே சீசன் முடிந்துவிடும்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. நடைபாதையில் நின்றுகொண்டிருந்தோம். அவர் கையை நீட்டி என் போனை வாங்கினார். பெரியவளுக்கு அவரே போட்டார்.

"நைனா பேசறேன்மா. இப்ப வர முடியாது. பாஸ்போர்ட்ட தனசேகர் வூட்ல வச்சி நாந்தான் கெடுத்துட்டேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. "துண்டு வச்சா பத்தாதா நைனா? அத ஏன் கொண்டுபோயி வச்ச?" என்றாள்.

"நீ போறப்ப ஒண்ணுமே வைக்காம அனுப்பிச்சேனே. அதான், இந்த தபா எல்லாத்தையும் வச்சேன்."

அவள் அழுதாள். சின்னவள் அழுதாள். நான் மட்டும் அழவில்லை, கார்க்காரர் காத்திருந்தார்.

போகப்போகிறவர்களுக்கு: விசா தேதியை அக்டோபரிலேயே பிடித்துவிடுங்கள். சென்னைக்கு முந்தின நாளே போய்த் தங்குங்கள். பரஸ்தானம் வைத்தால் துண்டு வையுங்கள்; பாஸ்போர்ட் உங்கள் இடுப்பில் இருக்கட்டும். தனசேகருக்குப் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்தாயிற்று.

மார்ச் கடைசியில் கிடைத்த விசா தேதியை விடவில்லை, பதிவு செய்திருக்கிறேன். ஏப்ரலில் பனி உருகி வெறும் புல்லாகத்தான் இருக்கும் என்கிறாள் பெரியவள். அவர் இப்போது தினமும் அவளுக்குப் போன் செய்கிறார், அறுவடை மிஷின் வந்ததிலிருந்து ஆடு குட்டி போட்டது வரை சொல்கிறார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. அவருக்கு அது போதும் போலிருக்கிறது. எனக்குப் போதவில்லை. நான் அவளைத் தொட வேண்டும்.