குகன் அண்ணையின் ரத்தக்காட்டேரிகள்

சனிக்கிழமை காலை டொரண்டோவில் பஸ் ஏறினேன். மொன்றியலுக்கு ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர்; டிக்கெட் எழுபது டொலர்; கால் நீட்ட இடமில்லை. மறுநாள் அங்கே, என் பெரியப்பா மகன் குகன் அண்ணை காலமான முப்பத்தோராம் நாள் கிரியை. அதற்குப் போவதாகத்தான் மனைவியிடம் சொன்னேன். பாதி உண்மை. மீதிப் பாதி, அவர் விட்டுப்போன புத்தகங்கள்.

இத்தாலியில் அரை நூற்றாண்டுக்கு முன் பெரியவர்களுக்கென்று அச்சான படக்கதைகள் அவை. உள்ளங்கை அளவு, மட்டமான தாள், பக்கத்துக்கு இரண்டே படம். மூடுபனிக் கோட்டை, பாதி திறந்த சவப்பெட்டி, ரத்தம் குடிக்கும் சீமாட்டி. சீமாட்டிக்கு உடுப்பு பெரும்பாலும் கிடையாது. கதைகள் குப்பை என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அந்த அட்டை ஓவியங்கள்! இருட்டை அப்படித் தீட்ட இன்று ஆளில்லை. மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதிக் கிடங்கில் அண்ணையோடு வேலை செய்த இத்தாலியர் ஒருவர் இவற்றில் ஒரு பெட்டி கொடுக்க, அதில் பிடித்தது அண்ணைக்குப் பைத்தியம். "எனக்குப் பிறகு உனக்குத்தான்" என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

கிங்ஸ்டன் தாண்டியதும், அவர் எப்போதோ தந்த ஒன்றைப் பையிலிருந்து எடுத்தேன். பக்கத்து இருக்கை யாழ்ப்பாணத்து ஐயா எட்டிப் பார்த்தார்.

"தம்பி, பின்னுக்குச் சின்னப் பிள்ளையள் இருக்கினம்."

"பேய்க் கதை ஐயா."

"பேய்க்கு உடுப்பு வாங்கிக் குடுக்க ஒருத்தரும் இல்லையோ?"

புத்தகத்தை உள்ளே வைத்தேன்.

பிற்பகல் மொன்றியல். மெட்ரோவில் கோட்-வெர்த்து வரை, பிறகு பஸ். சாரதி பிரெஞ்சில் "போன்ஜூர்" என்றார். நான் "ஹலோ" என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணி வாசலில் நின்றார். வெறும் நெற்றி.

"வாங்கோ தம்பி. சாப்பிட்டுட்டுப் பேந்து கீழை போவம்."

"முதல் பாக்கிறன் அண்ணி."

வீட்டுக்கு அடியிலிருந்த பேஸ்மென்டைக் கழுவி, வாடகை மேசைகள் போட்டிருந்தார்கள். நாளைக்கு ஆட்கள் அங்கேதான் சாப்பிட இருந்தார்கள். சுவர் முழுக்கப் புத்தகங்கள், அட்டை தெரிய, அண்ணை அடுக்கியபடியே. ஒன்றை எடுத்தேன். கோட்டை இருந்தது, நிலவு இருந்தது. சீமாட்டி வெள்ளைச் சீலையில் நின்றாள். எழுத்துப் பிழை அழிக்கும் டிப்பெக்ஸைக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை பூசி, கறுப்புப் பேனாவால் கொய்யக மடிப்பும் வரைந்திருந்தது. அடுத்ததை எடுத்தேன். அதற்கடுத்ததை எடுத்தேன். எல்லாருக்கும் சீலை.

"என்ன அண்ணி இது?"

"நாளைக்குச் சனம் வருது. ஐயரும் கீழைதான் சாப்பிடுவார். எறியச் சொல்லித்தான் என்ரை தமையன் நிண்டவர். நான் விடேல்லை. உங்களுக்கெண்டு அவர் சொன்னதெல்லே. மூலை டெப்பனர் கடையிலை கிடந்த டிப்பெக்ஸ் முழுக்க வாங்கி, ரெண்டு கிழமையா இருந்து உடுத்திவிட்டன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குப்பையில் எறிந்திருந்தால்கூட யாராவது பொறுக்கிக் காப்பாற்றியிருப்பான். இனி எந்த மருந்தாலும் இந்த வெள்ளை போகாது.

"அண்ணை இதைப் பாத்திருந்தா?"

"அவர் எப்பவும் இவையளைத்தானே பாத்தவர். வேலையாலை வந்து கீழை இறங்கினா, சாப்பாட்டுக்குத்தான் மேலை வருவார். அதுவும் ஆறின பிறகு."

குரலில் குற்றச்சாட்டே இல்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சனம் வந்தது, சாப்பிட்டது, போனது. ஐயர் ஒருமுறை நிமிர்ந்து சுவரைப் பார்த்துவிட்டு இன்னொரு வடை கேட்டார். அவ்வளவுதான். அதற்காகவா இந்த நாசம்?

புறப்படும்போது அண்ணி எல்லாவற்றையும் இரண்டு பெட்டிகளில் அடுக்கித் தந்தார். மேலே கிடந்ததை மறுபடி பார்த்தேன். கோரைப்பல்லையும் கடைவாய் ரத்தத்தையும் அவர் தொடவில்லை. நெற்றியில் பொட்டும் வைக்கவில்லை. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இவ்வளவும் செய்தனீங்கள், ஒரு பொட்டும் வைச்சிருக்கலாமே அண்ணி. கலர்ச் சீலையாக் கீறியிருக்கலாம்."

அண்ணி பெட்டியை மூடி நாடாவை ஒட்டினார்.

"அவையளுக்கும் அவர்தானே தம்பி செத்தவர்."

ஒரு பெட்டியைப் பஸ்ஸின் அடியிலும் மற்றதை மடியிலும் வைத்துக்கொண்டு திரும்பினேன். டொரண்டோவில் என் புத்தக அலமாரியும் பேஸ்மென்டில்தான் இருக்கிறது. மேலே என் மனைவி தனியாகச் சாப்பிட்டு முடித்திருப்பாள்.