சூட்டுப் பெட்டியில் வைத்த மாவு

மார்கழிக் குளிரில் மாவு பொங்காது. பொழிச்சலூர் காந்தாவுக்கு இது வருஷா வருஷம் வருகிற தலைவலி. தாம்பரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகள் கழுவுவது அவள் வேலை. அங்கே ஈஸ்ட் வளர்க்கிற பெட்டி நாள் முழுக்க இதமான சூட்டில் இருக்கும். இட்லி தவிர எதுவும் வயிற்றில் தங்கவில்லை என்று பிள்ளைத்தாய்ச்சி மகள் தீபா அழுததும், காந்தா மாவுத் தூக்கை ஒருநாள் காலையில் கொண்டுபோய் அந்தப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டாள். சாயங்காலம் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. துணிச்சல்காரிதான், புத்திசாலி என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பெட்டியைத் துடைக்கப் போனாள். மேல்தட்டில் ஏதோ நுரைத்து வழிந்து காய்ந்திருந்தது. நேர் கீழே, தூக்கு இருந்த இடம்.

அது ஜீன் மாற்றிய ஈஸ்ட் என்று அவளுக்குத் தெரியும். செல்லுக்குள் சாரம் கட்டுகிற டியூபுலின் என்ற புரதத்தின் ஜீனை மாற்றிவிட்டு, செல் எப்படி இரண்டாகப் பிரிகிறது என்று பார்க்கிறார்கள். தீபா நேற்று தட்டு நிறைய இட்லி தின்றிருந்தாள். சொன்னால் காந்தாவுக்கு வேலை போய்விடும். இருந்தாலும், வயிற்றுப் பிள்ளையை நினைத்துக்கொண்டு, ஆராய்ச்சி செய்யும் சத்யப்ரியாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

சத்யப்ரியா திட்டவில்லை. ஈஸ்ட் ஆவியிலேயே செத்திருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம் என்றாள். சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். சில குடுவைகளில் செல் பிரிவதைத் தடுக்கிற மருந்தும் கலந்திருந்தது. வேகவைத்தால் அது போய்விடும் என்று நம்ப முடியாது. சிவப்பு டேப் ஒட்டியவை மருந்துக் குடுவைகள், நீல டேப் மருந்தில்லாதவை.

"அக்கா, தூக்குக்கு மேல இருந்த குடுவைல என்ன டேப்?"

டேப்பையெல்லாம் உரித்துப் போட்டுக் கழுவியாயிற்று. வேலையில் அவ்வளவு சுத்தம்.

"நீலந்தாம்மா," என்றாள் காந்தா.

சத்யப்ரியா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எதற்கும் இன்றைக்கே தீபாவை டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லி, மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினாள்.

பஸ் பம்மலைத் தாண்டுவதற்குள் காந்தாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நீலம் என்று வாய் முந்திக்கொண்டதே தவிர, கண்ணை மூடினால் எந்த நிறமும் வரவில்லை. போனை எடுத்து, மிச்ச மாவைக் கீழே கொட்டச் சொன்னாள்.

"கொட்றதுக்கு இன்னா கீது? காலைலயே ஊத்தித் துன்னுட்டேன்," என்றாள் தீபா. "சூப்பரா இருந்துச்சும்மா. இன்னிக்கும் எடுத்துகினு வரியா?"