ஜனவரி பதினேழில் ஒரு படகு

ரென்ஸ்கே தன்னை எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்வதில்லை. "நான் என்ன பெரிய எழுத்தாளரா?" என்று கேட்பாள். கேட்கப்பட்டவர் "அதுவும் சரிதான்" என்று தலையாட்டிவிட்டால் மட்டும் அன்று முழுக்க முகம் சரியாக இருக்காது.

முப்பத்தெட்டு வருஷம் சைக்கிளில் வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றிய நர்ஸ் அவள். குரோனிங்கன் நகரத்துப் பக்கம் கால்வாயை ஒட்டி நீளமாகக் கிடக்கும் அந்தச் சிற்றூரில் அவள் பார்க்காத முதுகு இல்லை. பத்தொன்பது வருஷமாக ஊரின் இலவச வாரப் பத்திரிகையில் ஒரு பத்தி எழுதுகிறாள். மூன்றாம் பக்கம், மீன் கடை விளம்பரத்துக்கு மேலே. பக்கத்து வீட்டுக்காரர் வேலியை இரண்டு விரல் தள்ளிப் போட்டது, பள்ளிக்கூடத்தில் குடித்த வெதுவெதுப்பான பால், தேர்தல், மழை, மறுபடியும் மழை என்று எது வாய்க்கிறதோ அதை எழுதுவாள். புதன்கிழமை காலையில் ஊர் அதைப் படித்துவிட்டு, வியாழக்கிழமை அதன்மேல் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிப்போடும். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததில்லை.

போன ஜனவரியில் எழுதிய ஒன்றை மட்டும் ஊர் உருளைக்கிழங்குக்குக் கொடுக்கவில்லை, கத்தரித்து வைத்துக்கொண்டது. அன்றிலிருந்துதான் அவளுடைய அக்கா அவளிடம் பேசவில்லை.

நடந்தது இதுதான். மூடிக் கிடந்த பழைய பள்ளிக்கூடத்தில் எண்பது அகதிகளைத் தங்க வைப்பதாக நகராட்சி முடிவெடுத்தது. வேண்டாம் என்றவர்கள் எதிர்ப்பைக் காட்ட நாட்டுக் கொடியைத் தலைகீழாகக் கட்டினார்கள். கூட்டத்தில் ஒருத்தர் நாற்காலியைத் தூக்கிக் காட்டினார், எறியவில்லை. ரென்ஸ்கேவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய் ஒரே மூச்சில் எழுதினாள்:

"அறுபத்துமூன்றாம் வருஷக் குளிர். கால்வாய் உறைந்து ஒரு சரக்குப் படகு எங்கள் வீட்டுக்கு எதிரே சிக்கிக்கொண்டது. படகுக்காரி கைக்குழந்தையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் அடுப்பருகே உட்கார இடம் கேட்டாள். என் அப்பா கதவைப் பாதி திறந்து, முடியாது என்று சொல்லி, மூடிவிட்டார். அவருடைய கறுப்புக் கோட்டுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். கதவை மூடுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை."

பாராட்டுக் கடிதங்கள் வந்தன. ரொட்டிக் கடையில் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினாள். ரென்ஸ்கேவுக்கு இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. மூன்றாம் நாள் அக்கா ஹேர்மின் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அப்பா செத்து முப்பது வருஷமாச்சு. அந்த மனுஷனைக் கொண்டுபோய் பேப்பர்ல நிறுத்தி, ஊரே காறித் துப்புறாப்புல பண்ணிட்ட. நல்லா இருடி."

"நடந்ததத்தானக்கா எழுதினேன். நான் கண்ணால பாத்தது."

"நீ கிழிச்ச" என்று சொல்லி ஹேர்மின் வைத்துவிட்டாள்.

இதெல்லாம் ஒரு வாரத்தில் ஆறிப்போகும் என்றுதான் ரென்ஸ்கே நினைத்தாள். ஆனால் பிப்ரவரியில் அவளுடைய பிறந்தநாளுக்கு ஹேர்மின் வரவில்லை. அந்த நாட்டில் பிறந்தநாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. நினைவு வைத்திருப்பவர்கள் வருவார்கள். வராதது ஒரு பதில். அறுபத்தேழு வருஷமாக ஒரு தடவை கூடத் தவறாத அக்கா, காய்ச்சலோடு ஒரு தரம் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து நின்ற அக்கா, வரவில்லை. மீந்துபோன கேக்கை ரென்ஸ்கே நான்கு நாள் தின்றாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே சைக்கிளில் நான்கு நிமிஷம்தான். அந்த நான்கு நிமிஷத்தைத் தாண்ட இரண்டு பேருக்கும் பத்து மாதம் மனசு வரவில்லை. சந்தையில் எதிரெதிரே வந்தால் ஹேர்மின் பாலாடைக்கட்டிக் கடைப்பக்கம் திரும்பிவிடுவாள். இவள் பூக்கடையில் வேண்டாத பூவை விலை கேட்பாள்.

நவம்பரில் ஹேர்மினுக்கு எழுபத்தைந்து பிறந்தது. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது சும்மா இல்லை. ரென்ஸ்கே ஒரு பூந்தொட்டியைச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். அவளுக்கு வாழ்த்துச் சொல்லவும் வேண்டும், இன்னொன்றைப் பார்க்கவும் வேண்டும். அக்கா வீட்டுக் கழிப்பறையில் தொங்கும் பிறந்தநாள் காலண்டர்.

அந்த ஊரில் எல்லார் வீட்டுக் கழிப்பறையிலும் அப்படி ஒன்று தொங்கும். வருஷம், கிழமை எதுவும் இல்லாத வெறும் தேதிகள். அதில் உறவும் நட்பும் எழுதப்பட்டிருக்கும். நாற்பது, ஐம்பது வருஷம் அதே காலண்டர்தான். செத்தவர் பேருக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவை போடுவார்கள். சண்டை போட்டவர்களுக்கு ஹேர்மின் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவாள். பெரியப்பா மகன் ஒருத்தன் பேர்மேல் அப்படி ஒரு நேர்கோடு விழுந்ததை ரென்ஸ்கேவே பார்த்திருக்கிறாள். தன்மேலும் அந்த ஸ்கேல் இறங்கிவிட்டதா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

கதவைத் திறந்தது அத்தான் வுப்போ.

"அட, கொழுந்தியா! வா வா. மழையோட வந்திருக்க. கோட்டைக் குடு. கீழ எங்கயும் வழுக்கிடாத, ஏப்ரல்ல கழிப்பறைக் குழாய் வெடிச்சு தரையெல்லாம் புதுசா போட்டிருக்கு. உங்கக்கா தரையை விட அந்தக் காலண்டருக்குத்தான் அழுதா."

ரென்ஸ்கே பாதி கழற்றிய கோட்டோடு கேட்டாள்: "எந்தக் காலண்டர் அத்தான்?"

"நனைஞ்சு கூழாப் போச்சு. புதுசு வாங்கி ராத்திரி பகலா உக்காந்து எழுதினா. சரி, உள்ள வா."

நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. வந்தவர் வட்டம் சுற்றி, பிறந்தநாள்காரிக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் கைகொடுத்து வாழ்த்த வேண்டும். "உங்க அக்காவுக்கு வாழ்த்துகள்", "உங்க பக்கத்து வீட்டம்மாவுக்கு வாழ்த்துகள்." ரென்ஸ்கே அக்காவிடம் வந்தபோது ஹேர்மின் பூந்தொட்டியை வாங்கி ஜன்னலோரம் வைத்தாள். "வந்தியா? காபி இருக்கு. கேக்கும் இருக்கு." அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு துண்டு.

பேச்சு வழக்கம்போல மழையில் ஆரம்பித்துப் பழைய பள்ளிக்கூடத்துக்கு வந்தது. எண்பது பேர் வந்து ஆறு மாதமாகிறது, அங்கே ஒருத்தர் சைக்கிள் பழுது பார்க்கிறார், நாற்காலியைத் தூக்கியவர் கூட அவரிடம்தான் பிரேக் மாற்றினாராம். பக்கத்து வீட்டு யாப் ரென்ஸ்கே பக்கம் திரும்பினார்.

"எல்லாம் நீங்க எழுதினதுக்குப் பிறகுதான். என் வீட்டுக்காரி அதக் கத்தரிச்சு ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கா. உங்கப்பா மாதிரி கல்நெஞ்சுக்காரங்க அந்தக் காலத்துல நிறைய பேர், என்ன?"

ஹேர்மின் எழுந்து சமையலறைக்குப் போனாள். ரென்ஸ்கே கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கழிப்பறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

புதுக் காலண்டர். நவம்பரில் நின்றது. பிப்ரவரியைத் தேடிப் புரட்டினாள். பிப்ரவரி ஒன்பது. "ரென்ஸ்கே" என்று எழுதியிருந்தது. பழையதில் இருந்த அதே சாய்ந்த எழுத்து, புது மை. ஏப்ரலுக்குப் பிறகு எழுதியது. அதாவது பிறந்தநாளுக்கு வராமல் இருந்துவிட்டு, பேசாமல் இருந்த காலத்தில் உட்கார்ந்து எழுதியது. விட்டுவிட நினைத்திருந்தால் ஸ்கேல் கூடத் தேவைப்பட்டிருக்காது. ரென்ஸ்கே கழிப்பறைத் தாளில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காலண்டரைத் திருப்பி வைக்கும்போது ஜனவரி கண்ணில் பட்டது. பதினேழாம் தேதிக்கு எதிரே "படகு" என்று இருந்தது.

அது பழைய காலண்டரிலும் இருந்ததுதான். ஹேர்மின் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து இருக்கிறது. படகுக்கெல்லாம் பிறந்தநாள் கொண்டாடுகிற வீடு என்று வுப்போ வருகிறவர்களிடமெல்லாம் கேலி பேசுவார். ரென்ஸ்கேவும் நூறு தடவை பார்த்துச் சிரித்திருக்கிறாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தப் படகு? அவள் எழுதிய அந்தப் படகுதானா?

அறுபத்துமூன்று, ஜனவரி பதினெட்டு. அந்த நாட்டில் அந்தத் தேதியைப் பிறக்காதவர்கள் கூடச் சொல்வார்கள். லேவார்டனில் தொடங்கிப் பதினோரு ஊர்களைச் சுற்றும் பனிச்சறுக்குப் பந்தயம் அன்றுதான் நடந்தது. கிளம்பிய ஆயிரக்கணக்கானவர்களில் பந்தயத்தை முடித்தவர் சொற்பம். அப்பா அதை நேரில் பார்த்தவர். ஆயுசு முழுக்க அந்தக் கதைதான், எப்போதும் ஒரே மாதிரி ஆரம்பிப்பார்: "முதல் நாள் விடியறதுக்கு முன்னாலயே லேவார்டன் கிளம்பிட்டேன்." முதல் நாள் என்றால் பதினேழு. பதினேழாம் தேதி அப்பா வீட்டிலேயே இல்லை.

ரென்ஸ்கே தாழ்ப்பாளைத் திறந்து நேராகச் சமையலறைக்குப் போனாள். ஹேர்மின் பாலாடைக்கட்டியைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கோட்டுப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னது யாரு?"

கத்தி நின்றது.

"ஆணியில அப்பாவோட வேலைக் கோட்டு தொங்குச்சு. நல்ல கோட்டப் போட்டுக்கிட்டு அவரு பந்தயம் பாக்கப் போயிட்டாரு. அம்மா சின்னம்மா பிரசவத்துக்குப் போயிருந்தா. குளிருச்சு, எடுத்து மாட்டிக்கிட்டேன்." ஹேர்மின் திரும்பவில்லை. "பக்கத்து வீட்டம்மா சாயந்திரம் வந்து படுத்துக்குவாங்க, அதுவரை யாருக்கும் கதவத் தொறக்காதன்னு சொல்லிட்டுப் போனாரு. நான் தொறந்தேன். தொறந்துட்டு முடியாதுன்னேன். தொறக்காமயே இருந்திருந்தா தேவலை. உள்ள அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்தது, அவ அதப் பாத்தா."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"வந்த அன்னைக்கே சொன்னேன். ஒரு வார்த்த திட்டல. சறுக்குவண்டில நிலக்கரி மூட்டைய ஏத்தி, பனி மேல இழுத்துக்கிட்டுப் போனாரு. படகுல ஆளில்ல. எங்க போனாங்கன்னு யாருக்கும் தெரியல. திரும்பி வந்து, சாப்பிட்டியாம்மான்னு கேட்டாரு. அந்த மனுஷனத்தான் நீ கல்நெஞ்சுக்காரரா ஆக்கிட்ட."

"அன்னைக்கே ஃபோன்ல சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லணும்னா நான்தான்னு சொல்லணும்ல." ஹேர்மின் கத்தியைக் கீழே வைத்தாள். "அம்பது வருஷமா கழிப்பறைச் சுவத்துல எழுதித் தொங்கவிட்டிருக்கேன். சிரிச்சீங்களே தவிர ஒருத்தராவது என்னன்னு கேட்டீங்களா?"

ஹேர்மின் தட்டை எடுத்துக்கொண்டாள். கூடத்துக்குப் போகும் முன் நின்று சொன்னாள்: "அப்பா பேரைச் சரிபண்ணு. என் பேரைப் போடு. முழுப் பேரா போடு."

ரென்ஸ்கே மூன்று நாள் எழுதினாள். ஒரே மூச்சில் எழுதித் தான் பட்டது போதும் என்று இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்தி எழுதினாள். "என் அக்கா" என்று ஆரம்பித்த தாள்களைக் கிழித்தாள். அக்கா பேரைப் போட்டால் ஊர் வாய் என்னவெல்லாம் மெல்லும் என்று அவளுக்குத் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆனால் அப்பாவை அப்படியே விடவும் முடியாது. புதன்கிழமை மீன் கடை விளம்பரத்துக்கு மேலே இப்படி வந்தது:

"போன ஜனவரியில் இந்த இடத்தில் ஒரு பொய் எழுதினேன். பொய்யென்று தெரியாமல் எழுதினேன் என்பதால் அது உண்மையாகிவிடாது. படகுக்காரி வந்த அன்று எங்கள் அப்பா வீட்டில் இல்லை. இருந்திருந்தால் கதவு திறந்திருக்கும். வாசலில் நின்றது அவருடைய இரண்டு மகள்கள். முடியாது என்று சொன்னது நாங்கள்."

ஒன்பது மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"யாருடி அது 'நாங்கள்'?" ஹேர்மினுக்கு மூச்சு வாங்கியது. "சொன்னது நான். நீ பின்னால நின்ன. ஆறு வயசு கூட ஆகல. சின்னக் குழந்தை. உனக்கு என்ன தெரியும்?"

"உனக்கு மட்டும் என்னக்கா தெரியும்?" என்றாள் ரென்ஸ்கே. "உனக்குப் பன்னெண்டு வயசு."

அந்தப் பக்கம் அக்கா அழுவது கேட்டது.

"பன்னெண்டுதான்" என்றாள் ஹேர்மின். "ஆமாடி. பன்னெண்டுதான்."