பச்சைக் காரின் வலப்பக்கக் கதவு

2022ஆம் ஆண்டு மே மாதம் பதினான்காம் திகதி, சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணியளவில் கிருஷ்ணராசாவை முதன்முதலாகச் சந்தித்தேன். என் காரின் பற்றரி இறங்கிப்போயிருந்தது. லண்டன் மோர்டனில் அடுத்த தெருவிலேயே ஒரு மெக்கானிக் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவர் வீட்டின் பின்புறக் கராஜுக்குப் போனேன். ஓர் அகன்ற பச்சைக் காரின் எஞ்சினை மூடும் பொனற் திறந்திருந்தது. உள்ளே ஓரிடத்தை மட்டும் ஒட்டுநாடாவால் மறைத்துவிட்டு, சுற்றியிருந்த எண்ணெய்ப் பிசுக்கை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஏன் அண்ணை உந்த இடத்தை மறைச்சு வச்சிருக்கிறியள்?”

“உதில தொழிற்சாலைக்காரன் மஞ்சள் சோக்கட்டியால கீறின அடையாளம் கிடக்கு, தம்பி. எல்லாம் சரியெண்டு பாத்துக் கீறினது. அதையும் அழிச்சுப்போட்டு நான் என்னத்தைத் திருத்துறது?”

யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த அவர், ஹீத்ரோ விமான நிலையத்தில் பயணப்பொதி இழுக்கும் வண்டிகளைத் திருத்துபவர். அவருடைய அந்தக் கார், 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட பொன்டியாக். பெரிய எஞ்சின், இரண்டே கதவுகள், இடப்பக்கத்தில் ஸ்டீயரிங். ஓடுவதற்கும் நிறுத்துவதற்கும் அவசியமானவற்றை மட்டுமே அவர் புதிதாக மாற்றினார். இருக்கையின் தையல் விட்டபோது, பழைய ஊசித் துளைகளின் வழியாகவே நூலைக் கோத்தார். வெயிலில் வெளிறி, பொனற்றில் அடிப்பூச்சுத் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்த பச்சை நிறத்தை மெழுகிட்டுக் காத்தாரேயன்றி, அதன்மேல் ஒரு துளி பெயின்ற் படவிடவில்லை.

“என்ர முகத்தில சுருக்கம் விழுந்தால் கிறீம் வாங்கித் தாறார். காரில விழுந்தால் தொடாதேங்கோ எண்டுறார்” என்று அவர் மனைவி கனகாம்பிகை தேநீர் கொடுத்தபடியே சொன்னார்.

மறு ஆண்டு ஆவணியில் மகள் தர்மிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மணப்பெண் அந்தக் காரில்தான் மனோர் பார்க் முருகன் கோவிலுக்குப் போவதென்று தீர்மானித்தார்கள். கல்யாணத்துக்கு முதல் வாரம் சைலன்சரில் ஒரு வெடிப்புக் கண்டது. கனகாம்பிகையின் தம்பி ரதீசனுக்கு ஹவுன்ஸ்லோவில் கார்களுக்குப் பெயின்ற் அடிக்கும் வேலைத்தளம் இருந்தது. காரை உயர்த்திப் பார்க்கும் வசதியும் ஒட்டும் கருவியும் அங்கிருந்ததால் காரை அவனிடம் விட்டார்கள்.

புதன்கிழமை பின்னேரம் கிருஷ்ணராசா என்னை அவசரமாக அழைத்தார். “தம்பி, என்னை ஒருக்கா ஹவுன்ஸ்லோவுக்குக் கொண்டுபோய் விட ஏலுமே? ரதீசன் காரில ஏதோ புதினமாச் செய்து காட்டப்போறானாம். இவ இப்பதான் வாய்தவறிச் சொல்லிப்போட்டா. அவன் போனையும் எடுக்கிறானில்லை.”

நாங்கள் உள்ளே நுழைந்தபோது வலப்பக்கக் கதவு பூச்சு நீங்கி வெறும் இரும்பாக நின்றது. கையில் தேய்க்கும் மெசினுடன் ரதீசன் சிரித்தான்.

“அக்காவின்ர வாய் சும்மா கிடக்காதே! கல்யாணப் பொம்பிளை ஏறுற பக்கத்தில இருந்துதான் துவங்கினனான், அத்தான்.”

“நிப்பாட்டு.”

“தாய்மாமன் நான் இருக்க, சொறி பிடிச்ச காரிலயோ மருமகளைக் கொண்டுபோறது? மாப்பிளை வீட்டார் என்ன கதைப்பினம்?”

கிருஷ்ணராசா அந்த இரும்பை உள்ளங்கையால் தடவினார். “ரதீசன், ஒரு காருக்குத் தொழிற்சாலை பெயின்ற் ஒருக்காத்தான். போனால் போனதுதான்.”

ரதீசனுடைய முகம் கறுத்தது. “அப்ப முழுக்க அடிச்சிடுவம், அத்தான். ஒரே மாதிரி வந்திடும்.”

“மிச்சம் இருக்கிறதையும் நானே கொல்லவோ?”

“இல்லாட்டி கதவை மட்டும் மங்கல் மாதிரி அடிச்சுத் தாறன். ஒருத்தராலும் கண்டுபிடிக்க ஏலாது.”

“அதுதான் வேண்டாம். பாக்கிறவனுக்குத் தெரியவேணும். அதே பச்சையைப் புதுசாவே அடி.”

கல்யாணத்தன்று, வெளிறிய உடலும் கண்ணாடிபோல் மின்னும் ஒற்றைக் கதவுமாகக் கார் கோவில் வாசலில் வந்து நின்றது. மாப்பிள்ளையின் பெரியப்பா சுற்றிவந்து பார்த்தார்.

“என்ன சம்பந்தி, கதவுக்கு மட்டும்தான் பெயின்ற் போதுமாயிருந்ததோ?”

கூட்டம் சிரித்தது. ரதீசன் மாலைப் பெட்டியைத் தூக்கும் சாக்கில் குனிந்துகொண்டான். கிருஷ்ணராசா அவன் தோளில் கைபோட்டு நிமிர்த்தினார்.

“பொம்பிளை இறங்கிற கதவெல்லோ! தாய்மாமன் தன்ர கையால செய்து குடுத்தவர். உங்கட பக்கத்து மாமன்மார் என்ன செய்தவை?”

இப்போது இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். தர்மிகா அந்தக் கதவு வழியாகவே மாமனின் கையைப் பிடித்து இறங்கினாள்.

சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் ரதீசன், கிருஷ்ணராசாவை வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்துக்கு அழைத்துப்போனான். நானும் அருகில் நின்றேன்.

“அத்தான், அதே வருசத்து, அதே பச்சையில, கை படாத கதவு ஒண்டை அமெரிக்காவில தேடியெடுத்துத் தருவன். முருகனறியச் சொல்லுறன்.”

“ஓம், பாப்பம்.”

சில மாதங்கள் ரதீசன் தேடத்தான் செய்தான். அகப்பட்ட ஒன்று துருவேறியிருந்தது. இன்னொன்றில் சிவப்பு அடித்திருந்தார்கள். பிறகு தொழிலும் பிள்ளைகளும் அவனை இழுத்துக்கொண்டன. பழைய கார்க் கண்காட்சிகளில், மாற்றம் காணாத கார்களுக்கென்று இருக்கும் வரிசையில் பொன்டியாக்குக்கு இனி இடமில்லை. கிருஷ்ணராசா அதைப் பொது வரிசையில் நிறுத்துகிறார். கேட்குமுன்னரே, வலக்கதவு பிற்காலத்தில் பூசப்பட்டது என்று சொல்லிவிடுகிறார். பூசியவன் யாரென்று சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரதீசன் சாப்பிட வருவதுண்டு. கராஜைக் கடக்கும்போது அவன் நடை தயங்கும்.

“அத்தான், அந்தக் கதவு விசயம்…”

“ஆட்டிறைச்சிக் கறி ஆறுது. உள்ள வாடாப்பா.”

அவன் தேடித் தருவதாகச் சொன்ன அந்தக் கதவைப் பற்றி அவர் தாமாக இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.