பிஷப்புக்குப் பொண்டாட்டியா?

பானெட்டில் முதல் அடி விழுந்தபோது திருவொற்றியூரைத் தாண்டி எர்ணாவூருக்குள் நுழைந்திருந்தோம். பின்சீட்டில் பிஷப் ஐயாவும் அவர் மனைவியும். எண்ணூர் கோயிலில் பிள்ளைகளைச் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் ஆராதனை. பிஷப் வந்து தலையில் கை வைத்தால்தான் அது நடக்கும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அந்தப் பாதையில் இருந்த ஒரு பாக்டரியில் ஸ்டிரைக். முந்தின வாரம் நிர்வாகத்தார் ஓர் ஆபீசரை நோயாளிபோல ஆம்புலன்சில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அதிலிருந்து எந்த வண்டியையும் தொழிலாளர்கள் நம்பவில்லை. எங்களுடையது கருப்பு அம்பாசடர்.

ஐயா ஆங்கிலிக்கன் சபையில் குருப்பட்டம் வாங்கி, துறைமுகத்துப் பக்கம் பல வருடம் ஊழியம் பார்த்து, பிறகு பிஷப் ஆனவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்ற டிரைவர். புது ஆட்களிடம் எனக்கு வாயே வராது.

வண்டியை மறித்த தொழிற்சங்கத் தலைவர் கையில் கல்லோடு என் பக்கக் கண்ணாடியைத் தட்டினார். "இன்னா நைனா, யாரைக் கடத்திகினு போற?"

"பிஷப் ஐயா."

"போன வாரம் பேஷண்டு, இந்த வாரம் பிஷப்பா? டிக்கிய தொற!"

டிக்கியில் நீளமான மரப்பெட்டி. "துப்பாக்கிடா!" என்று யாரோ கத்தினார். உள்ளே இருந்தது ஐயா ஆராதனையில் பிடிக்கும் கோல், மூன்று துண்டாக. திருகிச் சேர்த்துக் காட்டினேன்.

"டேய் சூசை, நீ ராயபுரத்துக் கோயில் ஆளுதானே? வந்து பாரு" என்று தலைவர் கூட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

சூசை கத்தோலிக்கர். வளைந்த கோலைப் பார்த்தார். குனிந்து ஐயாவின் ஊதா அங்கி, மார்புச் சிலுவை, மோதிரம் எல்லாவற்றையும் பார்த்தார். "அசல் பிஷப்புதான் மாமு. வழி வுடு."

கூட்டம் விலகியது. கோலைப் பெட்டியில் வைத்துவிட்டு என் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அப்போது சூசை சும்மா கேட்டார்: "பக்கத்துல குந்திகினு கீற அம்மா யாரு?"

"ஐயாவோட சம்சாரம்."

அவர் முகம் மாறிவிட்டது. "பிஷப்புக்குப் பொண்டாட்டியா? டூப்ளிகேட்டு மாமு!"

கத்தோலிக்க பிஷப் கல்யாணம் செய்யமாட்டார், எங்கள் சபையில் செய்யலாம். இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதற்குள் இரண்டு பக்கமும் பிடித்து வண்டியை ஆட்டத் தொடங்கினார்கள். புரட்டிப் போட்டுவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

அம்மா கதவைத் திறந்தார்கள்.

"வேணாம்மா!" என்றேன். கேட்கவில்லை, இறங்கிவிட்டார்கள். ஐயாவும் பின்னாலேயே இறங்கினார்.

"நான்தாம்ப்பா சம்சாரம். நாலு பிள்ளை பெத்தாச்சு. இந்த மனுஷன் டூப்ளிகேட்டுன்னு நீங்க முன்னாடியே வந்து சொல்லியிருந்தா, இத்தனை வருஷம் சமைச்சுப் போட்டிருக்கமாட்டேனே!"

யாரோ சிரித்துவிட்டார். சூசை மட்டும் முறைத்தபடி நின்றார்.

ஐயா அவரிடம், "உங்க சபை வழக்கம் வேற, எங்க வழக்கம் வேற தம்பி. இவ யாருன்னு மறைச்சிருந்தாத்தான் அது வேஷம்" என்றார்.

தலைவர் கல்லைக் கீழே போட்டார். "வேஷம் கட்றவன் பொண்டாட்டியக் கூட்டிகினு வருவானா? வுடுங்கடா. சூசை, பேஜாரு பண்ணவன் நீதான். முன்னால ஏறு. இன்னும் ரெண்டு எடத்துல மறிப்பானுங்கோ."

சூசை என் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எண்ணூர் வரை கத்திக்கொண்டு வந்தார்: "பிஷப்பு சம்சாரத்தோட போறாரு! ரெண்டு பேரும் அசலு! வழி வுடு!"

கோயிலில் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் காத்திருந்தார்கள். ஆராதனை தாமதமாகத் தொடங்கியது.

புதிதாக ஸ்டீரிங் பிடிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். மூடிய வண்டிக்குள் இருக்கும்வரை மறிக்கிறவர்களுக்கு நாம் வெறும் வண்டிதான். உள்ளே இருப்பவர் இறங்க நினைத்தால் தடுக்காதீர்கள். நீங்களும் கூட இறங்கி நில்லுங்கள். நான் அன்று இறங்கி நின்றது டிக்கியைத் திறக்க மட்டும்தான்.